சிந்துபால்சோக்கில் ஒரு கல் வீடு: எடுபிடியாக 22 நாள்

முதல் நாள் சாயங்காலம், நான் வைத்த பதினோரு கல்லையும் தாய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டார். கோபமெல்லாம் இல்லை. வாயில் பீடி புகைந்தபடி இருந்தது. கடைசிக் கல்லையும் எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “நாளைக்கு மண் மிதிக்கிறாயா?” என்றார்.

தாய் என்றால் அம்மா இல்லை. நேபாளியில் அண்ணன். கொத்தனாரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் ஆமா என்றார்கள். அதுதான் அங்கே அம்மா. அண்ணனைத் தாய் என்றும் அம்மாவை ஆமா என்றும் கூப்பிட்டுப் பழக எனக்கு நாலு நாள் ஆனது. யாராவது ‘ஆமா’ என்று கூப்பிட்டால் ஏதோ கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே காது எடுத்துக்கொண்டது.

நான் கோயமுத்தூரில் சைட் சூப்பர்வைசர். பதினாலு வருடமாக அபார்ட்மெண்ட், மில் குடோன், கல்யாண மண்டபம் என்று ஓடுகிறது பிழைப்பு. 2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை மத்தியானம் நேபாளத்தில் நிலநடுக்கம் வந்தது. அளவு 7.8. கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் செத்துப்போனார்கள். அதில் 3,500 பேருக்கு மேல் சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டம். அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை. பள்ளிக்கூடங்கள் ஆயிரக்கணக்கில் இடிந்தன, ஆனால் உள்ளே பிள்ளைகள் இல்லை. இந்த ஒரு விஷயம் என் மனதில் ரொம்ப நாள் கிடந்தது. வீடு கட்டத் தன்னார்வலனாகப் போகவேண்டும் என்று நினைத்து, வேலை விடாமல், இரண்டரை வருடம் கழித்து 2017 நவம்பரில்தான் போக முடிந்தது. தாமதம்தான். ஆனால் மலைக் கிராமங்களில் பாதிப் பேர் அப்போதும் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்கள். ஆமாவும் அப்படித்தான். மூன்றாவது குளிர்காலம் தொடங்கியிருந்தது.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து ரப்திசாகர் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை, நடந்து கடந்து மறுபடி காத்மாண்டு பஸ். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், அது மாறாது. காத்மாண்டுவிலிருந்து தோலால்காட் வழியாக சௌதாரா. அதற்கு மேல் ஜீப், அதற்கும் மேல் முக்கால் மணி நேர ஏற்றம். சிமெண்ட் மூட்டையும் அதே வழியில்தான் வந்தாகவேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வீடு

வெளி அளவு 24க்கு 13 அடி. இரண்டு அறை. பழைய வீட்டின் கல்லையே எடுத்து, மண் சாந்தில், ஒன்றரை அடிச் சுவர். மேலே தகரக் கூரை. நான் போனபோது அஸ்திவாரமும் பேஸ்மட்ட பெல்ட்டும் (வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) முடிந்திருந்தன. அப்போது அரசு மானியம் மொத்தம் மூன்று லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையாகத் தந்தார்கள். முதலில் 50,000, அஸ்திவாரம் பார்த்த பிறகு 1,50,000, சுவர் எழும்பிய பிறகு மீதி ஒரு லட்சம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொறியாளர் வந்து டேப்பை நீட்டி அளந்து பார்ப்பார். அளவு தப்பினால் தவணை நிற்கும். ஆமாவுக்கு இரண்டு தவணை வந்தாகிவிட்டது, மூன்றாவது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள்தானே இடிந்தன, மறுபடியும் அதையேவா என்று எனக்கும் தோன்றியது. தாய் இடிபாட்டில் மிஞ்சி நின்ற ஒரு மூலையைக் காட்டினார். ஒன்றரை அடிச் சுவர் என்று நாம் நினைப்பது உண்மையில் இரண்டு ஏடு. வெளிமுகக் கல் ஒரு வரிசை, உள்முகக் கல் ஒரு வரிசை, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியது. இரண்டையும் கோத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. பூமி ஆடும்போது நடுவில் இருக்கும் பொடி இறங்கி, ஆப்பு வைத்த மாதிரி இரண்டு ஏட்டையும் பிளந்து தள்ளும். வெளி ஏடு தெருவில் விழும், உள் ஏடு படுத்திருப்பவர் மேல் விழும்.

இதற்கு மூன்று வைத்தியம். கல்லைப் படுக்கையாக, அதன் நீளம் சுவருக்குள்ளே போகிற மாதிரி வைப்பது. இரண்டு அடி உயரத்துக்கு ஒரு வரிசை, நாலு அடிக்கு ஒன்று என்று, சுவரின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை போகும் நீளக் கல் போடுவது. பிறகு ஜன்னலடி, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு நேர் மேலே), கூரையடி என்று மூன்று இடத்தில் வீட்டைச் சுற்றி பெல்ட் ஓட்டுவது. 

நான் முதல் நாள் செய்தது முதலாவதற்கு நேர் எதிர். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பார்த்த கண். நல்ல தட்டை முகம் உள்ள கல்லாகத் தேடி எடுத்து, முகம் வெளியே தெரிய நிமிர்த்தி நிமிர்த்தி வைத்திருந்தேன். நூல் பிடித்த மாதிரி, போட்டோ எடுக்கிற மாதிரி இருந்தது. பின்பக்கம் நாலு அங்குலம்கூட உள்ளே போகவில்லை. தாய் பிடுங்கியதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மண்

சரி, மண் மிதித்தேன். இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. என் தாத்தா வீடு மண்சுவர்தான், சின்ன வயதில் மிதித்திருக்கிறேன். நேற்றே தண்ணீர் விட்டு ஊறவைத்த மண், வேர், புல், கரி எல்லாம் பொறுக்கி எடுத்தது. பதம் பார்க்கும் முறை இது: எலுமிச்சை அளவு எடுத்து விரல் தடிமனில் உருட்டி, கையிலிருந்து மெதுவாகத் தொங்கவிட வேண்டும். உடனே உதிர்ந்தால் மணல் அதிகம். ஒடியாமல் நீண்டுகொண்டே போனால் களி அதிகம், காய்ந்தால் வெடிக்கும். கொஞ்சம் தொங்கி அப்புறம் ஒடிய வேண்டும். முதல் குழியில் எடுத்தது ஒடியவே மாட்டேன் என்றது. மேட்டிலிருந்து சரளை கலந்த மண் நாலுக்கு ஒன்று சேர்த்த பிறகு சரிப்பட்டது.

காலை ஏழு மணிக்கு அந்த மண்ணில் கால் வைப்பது பற்றி மட்டும் எதுவும் சொல்ல விரும்பவில்லை. நவம்பர், கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம்.

ஊர்ப் பெண்கள் ஆறேழு பேர் கூடவே மிதித்தார்கள், கல் சுமந்தார்கள். யாருக்கும் கூலி இல்லை. பர்மா என்று பெயர். இன்று இவர்கள் ஆமாவுக்கு ஒரு நாள் வேலை செய்தால், ஆமா வீட்டிலிருந்து ஒரு ஆள் அவர்கள் வயலிலோ வீட்டிலோ ஒரு நாள் செய்து கடனைக் கழிக்க வேண்டும். நம்மூர் மொய் நோட்டு மாதிரி, பணத்துக்குப் பதில் உடம்பு. கணக்கு யார் தலையிலும் தப்பாது. ஆமாவின் இரண்டு மகன்களும் மலேசியாவில். அந்த ஊரில் இருபதிலிருந்து நாற்பது வயது ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாயே கத்தாரில் ஆறு வருடம் ஷட்டரிங் வேலை, அதாவது கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் வேலை பார்த்துத் திரும்பியவர், அப்புறம் ஏழு நாள் நிலநடுக்கப் பயிற்சி எடுத்த கொத்தனார். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் கட்டிட இந்தி. நான் ஒடிசா, பீகார் ஆட்களிடம் கற்றது, அவர் தோஹாவில் கற்றது. இலக்கணம் இல்லாவிட்டாலும் அளவுகள் சரியாக இருக்கும்.

நீளக் கல்

மூன்றாம் நாள் கல் எண்ணினோம். சுற்றளவு 74 அடி. நாலு அடிக்கு ஒன்று என்றால் வரிசைக்குப் பதினெட்டு. மூன்று வரிசைக்கு 54, கதவு ஜன்னல் போக 45. குவியலைக் கிளறிப் பார்த்ததில் ஒன்றரை அடி நீளமுள்ள கல் இருபதுதான் தேறியது. மீதியைப் பாறையிலிருந்து உடைத்தால் நாளும் போகும், கூலியும் போகும். கான்கிரீட்டில் வார்த்துக்கொள்ளலாம், அதற்கு அரசுப் பொறியாளரும் ஒத்துக்கொள்வார் என்று தாய் சொன்னார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்களாம். இந்த இடத்தில்தான் எனக்கு வேலை வந்தது.

இடிந்த வீட்டின் தரைப்பலகையில் ஒரு பெட்டி செய்தேன். ஆறு அங்குல உயரம், ஆறு அங்குல அகலம், ஒரே பெட்டியில் ஐந்து அறை. பலகையை அறுக்காமல் இருந்தபடியே வைத்ததில் நீளம் 18க்குப் பதில் 20 அங்குலமாகிவிட்டது. மரம் வீணாக வேண்டாம் என்றுதான். பிறகு இதற்கு வருகிறேன். உள்ளே பழைய பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன், அப்போதுதான் பலகை எளிதாகக் கழன்று வரும். ஒவ்வொரு அறையிலும் ஒரு 8 மி.மீ. கம்பி, இரு நுனியும் கொக்கி வளைத்தது.

ஒரு கல்லுக்கு 0.42 கன அடி, 25 கல்லுக்குப் பத்தரை. சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு என்ற கலவையில் கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் மேல், அதாவது இரண்டு மூட்டை சிமெண்ட். அந்த இரண்டு மூட்டைக்காகத்தான் நான் முதன்முதலில் டோக்கோ தூக்கினேன். கூம்பு மாதிரி மூங்கில் கூடை. நாம்லோ என்ற பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பது. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி ஏற்றம். அரை மூட்டை, 25 கிலோ போட்டுக்கொண்டு ஏறினேன். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. எனக்கு முன்னால் போன அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முழு மூட்டை, கையில் கம்பளி நூல், பின்னிக்கொண்டே ஏறினார்.

மணல் கீழே இந்திராவதி ஆற்றிலிருந்து. ஜல்லி, பெண்கள் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்தது. எங்கள் குழுவில் காத்மாண்டுவிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் கலவை போட்டார்கள். எல்லா ஊரிலும் கலவை போடுகிறவருக்கு ஒரே வியாதி, கை வலிக்கத் தொடங்கியதும் இன்னொரு சொம்பு தண்ணீர். நான் சொம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அந்த 22 நாளில் பதினாலு வருட அனுபவம் நேராகப் பயன்பட்ட இடம் அதுதான் என்று நினைக்கிறேன். பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில் போட்டு, கம்பியால் குத்திக் குத்தி இறக்கினோம். ஒரு நாளைக்கு ஐந்து, ஐந்து நாள். ராத்திரிக் குளிருக்கு வைக்கோலும் சாக்கும் மூடினோம், பகலில் சாக்கை நனைத்தோம். முதல் ஐந்தில் ஒன்று கழற்றும்போது மூலை உடைந்தது. அதை ஆமா எடுத்துக்கொண்டுபோய் ஆடு கட்டும் முளைக்குச்சியை இறுக்க வைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒன்று கூடுதலாக வார்த்தோம்.

கொக்கி விஷயத்தில் ஒரு அவமானம். நான் வளைத்த கம்பியை எல்லாம் 90 டிகிரியில் மடக்கி வைத்திருந்தேன். நம்மூரில் தூண் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டும்போதும் பெரும்பாலும் அப்படித்தான் மடக்கிக் கட்டுகிறோம், யாரும் கேட்பதில்லை. தாய் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, குழாயை நுனியில் சொருகி இன்னும் உள்ளே மடக்கினார், 135 டிகிரிக்கு. ஆடும்போது நேர்மடக்கு பிரிந்துகொள்ளும், உள்மடக்கு கான்கிரீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததல்ல. நம் நாட்டு விதிப்புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது, கோயமுத்தூரும் சென்னையும் நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில்தான் இருந்தன. தெரிந்தும் பதினாலு வருடம் 90க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஐம்பது நுனியையும் உட்கார்ந்து மறுபடி மடக்கினேன்.

ஜன்னல்

பத்தாம் நாள் கிழக்குப் பக்க ஜன்னல் நிலையை வைத்தோம். மூலையிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளித்தான் ஓட்டை விடலாம் என்பது விதி. குறித்தது நான். டேப் பிடித்தது குழுவில் இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், அவர் மேல் தப்பில்லை. நான் வெளிமூலையிலிருந்து இரண்டு அடி அளந்துவிட்டேன். சுவரே ஒன்றரை அடி. அப்படியென்றால் உள்மூலையிலிருந்து அரை அடிதான். நிலையை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் இரண்டு வரி கல் ஏற்றிய பிறகு தாய் டீக்குடித்துவிட்டு வந்தார். வீட்டுக்குள் போய் நின்றார். கையை விரித்து மூலைக்கும் நிலைக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். ஒரு சாணுக்கும் குறைவு.

“ஹுன்தைன.”

ஆகாது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை அதற்குள் நன்றாகவே கற்றிருந்தேன். நிலையைப் பிடுங்கி, கல்லை இறக்கி, ஒன்றரை அடி தள்ளி மறுபடி வைக்க அரை நாள். நாலு பேருடைய அரை நாள். பர்மாவில் வந்த பெண்களின் அரை நாளை ஆமா எங்கோ ஒரு வயலில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ராத்திரி படுத்தபிறகுதான் தோன்றியது. மறுநாள் அதைத் தாயிடம் சொன்னேன். உன் கடனை நீயே கழித்துவிடு என்று கேழ்வரகு வயலுக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் வயலில் ஒரு காலை முழுக்கக் கதிர் கொய்தேன். அங்கே அதற்குப் பெயர் கோதோ.

அன்றைக்குச் சாப்பாட்டில் டிண்டோ போட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவி மரத்துடுப்பால் கிண்டுவது, நம் களிதான். விரலை நனைத்துக்கொண்டு உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கினேன். ஆமா கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வந்துபோன தன்னார்வலர்கள் எல்லோரும் அதை ஸ்பூனால் கிளறிவிட்டு வைத்துவிடுவார்களாம். அதற்குப் பிறகு தினமும் இரண்டாவது உருண்டை கேட்காமலே விழுந்தது.

கணக்கு

கிளம்பும்போது வீட்டில் கேட்டார்கள், போகிற வர்ற செலவை அப்படியே அனுப்பிவிடலாமே என்று. நியாயமான கேள்வி. ரயில், பஸ், சாப்பாட்டுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து எனக்கு 14,000 இந்திய ரூபாய் ஆனது, 22,400 நேபாள ரூபாய். அங்கே அப்போது கொத்தனார் கூலி நாளுக்கு 1,200 நேபாள ரூபாய். ஆக, பதினெட்டரை நாளுக்கு மேல் கொத்தனார் கூலி. நான் 22 நாள் இருந்தேன், அதில் இரண்டு நாள் வயிறு சரியில்லை, இரண்டு சனிக்கிழமை விடுமுறை, ஒரு நாள் முழுக்கத் தண்டம். கொத்தனாராக என்னை எடைபோட்டால் பெரிய நட்டம். எடுபிடியாகப் பார்த்தால், ஆள் கிடைக்காத ஊரில், பரவாயில்லை. கிட்டத்தட்ட எல்லாத் தன்னார்வலர்களுக்கும் இதுதான் கணக்கு. வந்திறங்கியதும் எல்லோரும் கேட்பது கரணை. யாரும் சாந்துச்சட்டி கேட்பதில்லை. எங்களை அழைத்துப்போன அமைப்பும் முதல் நாளே எல்லோர் கையிலும் கரணையைக் கொடுத்துப் படம் எடுத்தது, அதனால்தான் அந்தப் பதினோரு கல். இன்னொரு தடவை போனால் கம்பி வளைக்கும் சாவியும் ஒரு நல்ல ரசமட்டமும் வாங்கிக்கொண்டு போவேன், இரண்டையும் விட்டுவிட்டு வருவேன். தாயின் ரசமட்டத்தில் குமிழி ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. அந்தச் சாய்வை மனதிலேயே கழித்துக்கொண்டுதான் அவர் மட்டம் பார்த்தார்.

லிண்டல்

நவம்பர் 26ஆம் தேதி அங்கே தேர்தல். வண்டி எதுவும் ஓடாது. மணல் லாரி அதற்கு முன்பிருந்தே வராது என்று தெரிந்ததும், லிண்டல் பெல்ட்டை 24ஆம் தேதியே போட்டுவிட முடிவானது. மூன்று அங்குலக் கனம், இரண்டு கம்பி, குறுக்கே கொக்கிக் கம்பிகள், இந்த முறை எல்லாமே உள்மடக்கு. மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தாமல் வளைத்து அடுத்த சுவரில் இரண்டு அடிக்கு மேல் ஓட்டினோம். சுவர் போனாலும் மூலை போகக்கூடாது என்பது தாயின் கட்சி. ஷட்டரிங் அவர் கை. கத்தார் வேலை என்று பார்த்த உடனே தெரிந்தது, ஒரு சொட்டு சிமெண்ட் பால்கூட ஒழுகவில்லை. சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. காலை எட்டுக்குத் தொடங்கி மூன்று மணிக்கு 74 அடியும் மூடி, ஊடுசுவரையும் முடித்தோம். மூன்றரைக்கு வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சாக்கு மூடிவிட்டு எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.

என் நீளக் கற்கள் 25ம் அதற்குள் சுவருக்குள் போயிருந்தன. இருபது அங்குலம் என்பதால் ஒவ்வொன்றும் வெளியே இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. உடைத்துவிடவா என்று கேட்டேன். உள்பக்கம் பூசவேண்டும், அதனால்தான் வெளியே விட்டிருக்கிறேன், இருக்கட்டும், அளக்க வருகிற பொறியாளர் எண்ணிக்கொள்ள வசதி என்றார் தாய். 28ஆம் தேதி நான் இறங்கி வந்தேன். கூரையடி பெல்ட்டும் தகரமும் பிறகு அவர்கள் போட்டார்கள்.

அடுத்த வருடம் செப்டம்பரில் கல்லூரிப் பையன்களில் ஒருவன் படம் அனுப்பினான். நீலத் தகரம், சிவப்பு மண் பூச்சு, ஒன்றரை அடி தள்ளி வைத்த ஜன்னல். மூன்றாவது தவணை வந்துவிட்டதாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துருத்திக்கொண்டிருந்த ஒவ்வொரு கல்லிலும் ஆமா ஒரு மக்காச்சோளக் கொத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார், காய்வதற்கு.